யாருடைய கைப்பிடி?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற வாரம் வாசகர் கடிதப் பகுதியில் அன்பர் ஒருவர், பூனைக்கென்று தனியாகத் தீனி வாங்குவது பணம் படைத்தவர்களின் வீம்பு என்றும், வீட்டில் சமைத்ததில், தயிர்சாதமே ஆனாலும், ஒரு கைப்பிடி எடுத்துத் தட்டில் வைத்தால் போதும் என்றும் எழுதியிருந்தார். வீம்பைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. 'ஒரு கைப்பிடி' என்பதில்தான் சண்டை. முப்பத்தோரு ஆண்டுகள் வட சென்னையில் ரேஷன் கடையில் எடை போட்டவன் நான். இருபது கிலோ அரிசியில் நூறு கிராம் குறைந்தாலும் தெருவே திரண்டு வந்து சட்டையைப் பிடிக்கும். என்னிடம் வந்து கைப்பிடி என்றால், யாருடைய கைப்பிடி, என்னுடையதா, என் பேரனுடையதா என்று கேட்காமல் எப்படி இருப்பேன்?

இப்படிக் கேட்கிற யோக்கியதை எனக்கே போன ஆடி மாதம்தான் வந்தது.

எங்கள் வீட்டில் ஓர் ஆண் பூனை இருக்கிறான். உடம்பெல்லாம் வெள்ளை. பெயர் அஸ்கா. வட சென்னைக்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் வெள்ளைச் சர்க்கரைக்கு அதுதான் பெயர். குட்டியாகக் கடைக்குப் பின்னால் சாக்குகளுக்கு நடுவே கிடந்தவன், நான் ஓய்வுபெற்றபோது என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டான். கருத்தடை செய்தாயிற்று. மாடிப்படியைத் தாண்டி வெளியே போகிற வழக்கம் இல்லை. போன ஆடியில் தடுப்பூசி போட வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கூடையில் வைத்துத் தூக்கிப் போனோம். அங்கே தராசில் உட்கார வைத்தார்கள். 6.4 கிலோ.

மருத்துவர் என் மகளைவிடச் சின்னப் பெண். என் கையைப் பிடித்து அஸ்காவின் விலாவில் வைத்து, "எலும்பு தட்டுப்படுகிறதா ஐயா?" என்று கேட்டார். எனக்குப் பஞ்சுத் தலையணைதான் தட்டுப்பட்டது. பிறகு என் புறங்கையை நானே தடவிப் பார்க்கச் சொன்னார். அங்கே நரம்பும் எலும்பும் எப்படி விரலுக்குத் தெரிகின்றனவோ அப்படி விலா தெரிய வேண்டுமாம். இவனுடைய உடல்வாகுக்கு நாலரை கிலோ போதும் என்றார். அதற்கடுத்த கேள்விதான் இன்றும் உறுத்துகிறது: "ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்?"

"கொஞ்சம்தான் அம்மா" என்றேன். மூன்று தலைமுறைக்குச் சர்க்கரையும் துவரம்பருப்பும் கிராம் கணக்கில் அளந்தவனின் வாயில் 'கொஞ்சம்' என்று வருகிறது!

வீட்டுக்கு வந்து ஒரு மடத்தனமும் செய்தேன். தின்றால்தானே கொழுப்பு என்று சனிக்கிழமை மாலையிலிருந்து தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அஸ்கா ஞாயிறு முழுவதும் கத்தினான், இரவில் கத்துவதை நிறுத்திவிட்டான். அடங்கிவிட்டான் என்று நினைத்தேன். திங்கள் காலை என் மனைவி பொறுக்காமல் மருத்துவருக்குத் தொலைபேசியில் பேச, எனக்குச் சரியான திட்டு விழுந்தது. குண்டான பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால், உடம்பில் சேர்ந்த கொழுப்பெல்லாம் ஒரேயடியாகக் கரைந்து கல்லீரலில் போய் அடையும். கல்லீரல் வேலைநிறுத்தம் செய்யும். பூனை செத்தும் போகலாம். நாம் ஏகாதசிக்குப் பட்டினி கிடப்பதுபோல் பூனையைப் போடக் கூடாது. வாரத்துக்கு அதன் எடையில் நூற்றில் ஒரு பங்கு குறைந்தால் போதும், அவசரமே வேண்டாம் என்றார். முதலில் வழக்கம்போல் தீனி வைத்து, யார் என்ன கொடுக்கிறார்கள் என்று மூன்று நாள் எழுதி வரச் சொன்னார்.

கணக்கு எழுதுவது எனக்குப் பழகிய வேலை. நானூறு ரூபாய்க்குச் சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, பேரனின் பழைய நோட்டில் கோடு போட்டு உட்கார்ந்தேன். காலையில் பால் காய்ச்சும்போது மனைவி பச்சைப் பாக்கெட் பாலில் நூறு மில்லி ஊற்றுகிறாள், ஏறத்தாழ 70 கலோரி. மருமகள் வேலைக்குப் போகுமுன் ஒரு சின்ன டம்ளர், திரும்பி வந்ததும் ஒரு டம்ளர் உலர் தீனி போடுகிறாள், எழுபது கிராம், 260 கலோரி. நான் மத்தியானம் காரப்பொடி என்கிற சின்ன மீன் எண்பது கிராம் வைக்கிறேன், அது 75. பேரன் பள்ளிவிட்டு வந்து பிஸ்கெட் இரண்டு தருகிறான், 45. ஆக 450. ஒவ்வொருவரும் பூனை தன்னிடம் மட்டும்தான் பசி என்று சொல்வதாக நம்பிக்கொண்டிருந்தோம். ஒரே அட்டையில் நாலு கடையில் பொருள் வாங்கியவனை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை, இவன் வாங்கியிருக்கிறான்.

எவ்வளவு தேவை என்பதற்கு மருத்துவர் ஒரு வாய்ப்பாடு சொன்னார். கிலோ எடைக்கு 0.75 என்று அடுக்குக்குறி போட்டு, வருவதை எழுபதால் பெருக்க வேண்டுமாம். மகன் கைபேசியில் போட்டான். நாலரை கிலோவுக்கு 216 கலோரி. இளைக்க வேண்டும் என்பதால் 175-இல் ஆரம்பிக்கலாம் என்றார். உலர் தீனி 42 கிராம், வேகவைத்த மீன் 20 கிராம், இதுதான் ஒரு நாளைக்கு. நாலு வேளையாகப் பிரித்துக் கொடுக்கிறோம். காட்டில் பூனை எலியும் பூச்சியுமாக நாள் முழுவதும் கொறிக்கிற ஜாதி, ஒரே வேளையில் கொட்டினால் மீதி நேரமெல்லாம் கத்தும்.

அப்போதுதான் டம்ளர் விஷயமும் தெரிந்தது. தீனிப் பையோடு கொடுத்த பிளாஸ்டிக் கோப்பையை வைத்து, "ஒரு கோப்பை போடுங்கள்" என்று வீட்டில் மூன்று பேரிடம் சொல்லித் தராசில் கொட்டச் சொன்னேன். மனைவி 38 கிராம். மருமகள் 44. பேரன் 51, அவன் கோபுரமாகக் குவித்துக் கொண்டுவந்து, வழியில் சிந்தியதையும் பொறுக்கிப் போட்டான். அதே கோப்பை, அதே தீனி. அன்பர் சொல்லும் கைப்பிடியின் லட்சணம் இதுதான். இப்போது காலையிலேயே 42 கிராமை எடை போட்டு ஒரு டப்பாவில் வைத்துவிடுகிறேன். யார் வேண்டுமானாலும் அதிலிருந்து எடுத்துப் போடலாம். டப்பா காலியானால் கடை அடைப்பு.

முதல் மாதம் எடை இறங்கியது. இரண்டாம் மாதம் இறங்கவில்லை. ஒருநாள் அஸ்காவின் பின்னாலேயே படியேறிப் போனேன். மாடி வீட்டு அம்மா தட்டில் மீன் தலை வைத்துக் காத்திருந்தார். குழம்பில் வெந்த தலை. "கழுவிவிட்டுத்தான் தருகிறேன் அண்ணா, காரம் இருக்காது" என்றார். காரத்தைவிடப் பெரிய வில்லங்கம் அதில் இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், சோகை வரும். குழம்பில் ஊறிய மீனைக் கழுவினால் மேலே ஒட்டியது போகும், உள்ளே இறங்கியது போகாது. அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இப்போது ஞாயிறன்று குழம்பில் போடுமுன் ஒரு துண்டு மீனைத் தனியாக வேகவைத்து எனக்குக் கொடுத்தனுப்புகிறார். அன்றைய இருபது கிராம் அதுதான்.

பாலைப் பற்றி ஒரு வார்த்தை. பூனை என்றால் பால் என்று நாம் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்துவிட்டோம். குட்டிப் பருவம் தாண்டியபின் பெரும்பாலான பூனைகளுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை. அஸ்காவின் மணல் தட்டைச் சுத்தம் செய்கிறவன் நான்தான். பாலை நிறுத்திய வாரத்திலேயே எனக்கு வேலை பாதியானது. பிஸ்கெட்டும் வீண். பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது. அதற்கான மரபணு செயலிழந்துபோயிருப்பதை 2005-இல் அமெரிக்காவில் கண்டுபிடித்திருக்கிறார்கள். இவன் ஓடி வந்தது பிஸ்கெட்டிலுள்ள கொழுப்பு வாசனைக்காகத்தான் இருக்கும். அஸ்கா என்று பெயர் வைத்துக்கொண்டு அஸ்காவின் ருசி தெரியாமல் வாழ்கிறான்.

அன்பரின் தயிர்சாதத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டிலும் புரட்டாசியில் மீன் வாடை கூடாது. அதனால் முந்தைய ஆண்டுகளில் அந்த மாதம் முழுவதும் அஸ்காவுக்கும் தயிர்சாதம்தான். தயிரை நக்கிவிட்டுச் சோற்றை அப்படியே விட்டுவிடுவான். விரதம் இருப்பது நாம். பூனைக்குப் பெருமாள் எந்த நிபந்தனையும் போடவில்லை. பூனையின் உடம்பு மாமிசத்துக்கென்றே அமைந்தது. டாரின் என்ற ஒரு சத்து மாமிசத்திலும் மீனிலும்தான் இருக்கிறது, அரிசியிலும் பருப்பிலும் இல்லை. நம் உடம்பு அதைத் தானே தயாரித்துக்கொள்ளும். பூனையால் தேவையான அளவு முடியாது. அது குறைந்தால் விழித்திரை கெட்டுக் கண் போகும் என்று 1975-இல் தெரியவந்தது. 1987-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், பூனைகளுக்கு இதயம் பெருத்துத் தளர்ந்துபோகிற நோய்க்கும் அதே குறைதான் காரணம் என்று காட்டினார்கள். அந்தப் பூனைகள் தின்றது கடையில் வாங்கிய உணவு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் தயாரிப்பாளர்கள் டாரினைக் கூட்டினார்கள். ஆகவே பாக்கெட்டெல்லாம் அமுதம் என்று நான் சொல்லவில்லை. போன புரட்டாசியில் இவனுக்கு உலர் தீனி தடையில்லாமல் போயிற்று. பையில் மீன் படம் போட்டிருப்பதை மனைவி கண்டும் காணாமல் விட்டுவிட்டாள்.

மீன் மட்டுமே போட்டு வளர்க்கலாமா என்று மீன்பிடித் துறைமுகம் இருக்கிற காசிமேட்டுப் பக்கத்தில் கேட்பவர்கள் உண்டு. கூடாது. பச்சை மீன் பலவற்றில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் பொருள் இருக்கிறது. பூனை தள்ளாடும், வலிப்பு வரும். வேகவைத்தால் அது போய்விடும். ஆனாலும் மீனே கதி என்று இருந்தால் வைட்டமின் ஈ குறைந்து வேறு வியாதி. விலை மலிவு என்று தினமும் கோழி ஈரல் போடுகிறவர்களும் நிறுத்த வேண்டும். அதிலுள்ள வைட்டமின் ஏ உடம்பில் சேர்ந்து கழுத்தெலும்பு இறுகிவிடும். இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, காரப்பொடிக்கே கிராக்கி. மீன் இல்லாத நாளில் உலர் தீனியில் ஐந்து கிராம் கூட்டிவிடுகிறேன், அவ்வளவுதான்.

இந்த வெயிலில் தண்ணீர்க் கிண்ணத்தைத் தட்டிலிருந்து தள்ளி, இரண்டு இடத்தில் வையுங்கள். ஆண் பூனை சிறுநீர் கழிக்க முக்கி முக்கி உட்கார்ந்தும் ஒரு சொட்டும் வரவில்லை என்றால், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

எனக்கு ஒரு கோரிக்கையும் உண்டு. நான் வாங்கிய பையில் ஒரு வரிகூடத் தமிழ் இல்லை. எவ்வளவு போடலாம் என்ற அட்டவணை எறும்பு சைஸ் எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில் இருந்தது. கலோரி எவ்வளவு என்பதை மருமகள் இணையத்தில் தேடித்தான் கண்டுபிடித்தாள். அந்த அட்டவணைப்படி போட்டிருந்தால், வீட்டுக்குள்ளேயே தூங்குகிற எங்கள் அஸ்காவுக்குத் தினமும் பதினைந்து கிராமுக்கு மேல் கூடுதல். அதிகம் போட்டால் பை சீக்கிரம் தீரும், கடைக்காரருக்கு நஷ்டம் இல்லை. எங்கள் வீட்டில் மாதம் 2,100 கிராம் போன இடத்தில் இப்போது 1,260 போதுகிறது. தமிழ்நாட்டில் விற்கும் பைகளில் எடைக்கு எத்தனை கிராம், நூறு கிராமுக்கு எத்தனை கலோரி என்ற இரண்டையாவது தமிழில், கண்ணுக்குத் தெரிகிற அளவில் அச்சிடச் சம்பந்தப்பட்டவர்கள் உத்தரவிட வேண்டும்.

அஸ்கா மாசி மாதத்தில் ஐந்து கிலோ. நேற்று அவனைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு நான் மட்டும் ஏறிக் கழித்துப் பார்த்தேன், 4.8. நான்தான் ஒரு கிலோ கூடியிருக்கிறேன். அன்பர் தம்முடைய கைப்பிடியை ஒருமுறை எடை போட்டு, எத்தனை கிராம் என்று இதே பகுதியில் எழுதினால் மேற்கொண்டு பேசலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நியாயவிலைக் கடை விற்பனையாளர்,
ராயபுரம், சென்னை.