பறவைகள் வரும் மாதங்கள் எங்களுக்கும் சீசன்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் நிலாவெளியில் ஓட்டோ ஓடுபவன். சித்திரை தொடங்கி ஆவணி மட்டும் எங்களுக்குச் சீசன். கச்சான் காற்றுக் காலத்தில் இந்தப் பக்கத்துக் கடல் அடங்கிக் கிடக்கும். புறாத்தீவுக்குப் போகிறவர்கள், திமிங்கிலம் பார்க்கப் போகிறவர்கள், கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் போகிறவர்கள் என்று ஹயருக்குக் குறைவிருக்காது. வாடை எழும்பியதோடு எல்லாம் ஓய்ந்துவிடும். விடுதிகளில் கதிரைகளைக் கவிழ்த்து அடுக்குவார்கள். அங்கே வேலை செய்த பொடியன்கள் தென்பகுதிக்குப் போய்விடுவார்கள், ஏனென்றால் அப்போது அங்கேதான் சீசன். நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களையும் நம்பிச் சந்தியில் நிற்போம்.

இந்த மாதங்களில் திருகோணமலையில் பார்க்க ஒன்றுமில்லை என்ற பேச்சு எங்கள் வாயிலும் இருக்கிறது, வருகிறவர்கள் வாயிலும் இருக்கிறது. அது சரியல்ல என்று சொல்லத்தான் எழுதுகிறேன். ஐப்பசியில் இருந்து பங்குனி வரைக்கும், சைபீரியா மாதிரியான வடக்கு நாடுகளில் பனி விழத் தொடங்கியதும் புறப்பட்ட பறவைகள் எங்கள் களப்புகளில் வந்து இறங்குகின்றன. இலங்கையைத் தாண்டினால் தெற்கே வெறும் சமுத்திரம். ஆகவே அவற்றின் பயணம் இங்கேதான் முடிகிறது. விடுதிகள் பூட்டுகிற அதே நாட்களில் களப்பு நிறைகிறது. இந்த இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

இதற்குக் காடு ஏறத் தேவையில்லை, ஜீப் தேவையில்லை. புல்மோட்டை பஸ்ஸில் ஏறி இறக்கக்கண்டிப் பாலத்தில் இறங்கினால் போதும். கிழக்கே கடல், மேற்கே களப்பு. காலமை வெள்ளென வந்தால் சூரியன் கடல் பக்கம், உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். களப்பில் நிற்கும் பறவைகளின் மேல் வெளிச்சம் நேராக விழும், நிறம் தெளிவாகத் தெரியும். பின்னேரம் போனால் அதே பறவைகள் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். கமெராவோடு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பாலத்தில் இருந்து திரும்பி நிலாவெளிப் பக்கம் வந்தால் பெரிய கரைச்சி, சின்னக் கரைச்சி என்று ஆழமில்லாத நீர்ப்பரப்புகள். எல்லாம் மட்டமான நிலம். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

என் அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். கோணேசர் கோயில் ஏற்றத்தில்கூட இப்போது ஏற மாட்டா. போன மாசியில் ஒரு காலமை, வீட்டுப் பிளாஸ்டிக் கதிரையையும் ஓட்டோவில் போட்டுக்கொண்டு களப்புக் கரையில் அவவை இருத்தினேன். எங்களுக்கு முன்னால், கல்லெறிந்தால் விழும் தூரத்தில், மஞ்சள் சொண்டு நாரைகள் இரை தேடிக்கொண்டிருந்தன. இந்த நாரை மீனைக் கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை. சொண்டைச் சற்றுத் திறந்தபடி கலங்கல் தண்ணீருக்குள் வைத்துக்கொள்ளும். ஒரு காலால் சேற்றைக் கிளறும். கலைந்து ஓடுகிற மீன் சொண்டுக்குள் பட்டதும் படக்கென்று மூடிவிடும். பக்கத்தில் நின்ற சின்ன வெள்ளைக் கொக்கும் காலால்தான் வேலை செய்தது. கறுத்த கால், மஞ்சள் பாதம். அந்தப் பாதத்தைத் தண்ணீருக்குள் நடுக்கி நடுக்கி இறால் குஞ்சுகளைக் கிளப்பியது. அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் இதைப் பார்க்காமல் கிடந்திருக்கிறேனே, தம்பி” என்றா. அவ வயதுக்காரர்கள் பலருக்கு அப்படித்தான். யுத்த காலத்தில் களப்புப் பக்கம் போவதென்றால் சென்றிப் பொயின்றைத் தாண்ட வேண்டும். சும்மா நின்று கொக்குப் பார்க்க யாருக்குத் துணிவு வரும்?

எப்போது வரலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்த்திகை, மார்கழியில் மழை கொட்டும், களப்பு முட்டி நிற்கும். தண்ணீர் ஆழமாக இருக்கையில் குறுங்கால் உள்ளான்களுக்கு நிற்க இடமில்லை. தை பிற்பகுதியில் மழை விட்டு நீர் வற்றத் தொடங்கியதும் சேறு வெளியே தெரியும். அந்தச் சேற்றில்தான் அவற்றின் சாப்பாடு. ஆகவே மாசியும் பங்குனி முற்பாதியும்தான் திறம். வெயிலும் அப்போது கடுமையில்லை. சிவந்த நீளக்கால் உள்ளான்கள், கூட்டமாக எழும்பி ஒன்றாகத் திரும்புகிற சின்ன உள்ளான்கள், கூழைக்கடா, நீர்க்காகம், ஆலா எல்லாவற்றையும் ஒரே காலமையில் பார்க்கலாம். மேலே செம்பருந்து சுற்றினால் கூட்டம் முழுக்க ஒரே நேரத்தில் எழும்பும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் பிள்ளைகள் போனைக் கீழே வைத்துவிடுவார்கள்.

நிலாவெளியை மட்டும் சொல்லவில்லை. கிண்ணியாப் பாலத்தில் இருந்து தம்பலகாமக் குடாப் பக்கம் பாருங்கள். அங்கிருந்து மூதூருக்குப் போகிற றோட்டில் உப்பாறு, கங்கை, இறால்குழி என்று வழி நெடுகத் தண்ணீரும், உப்புத் தண்ணீரில் வளரும் கண்டல் மரங்களும்தான். முன்பு பாதையில், அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவையில், ஏறி இறங்கி அலைந்த இடங்களை இப்போது பாலங்களில் கடந்துவிடுகிறோம், வேகம் கூடியதால் ஒன்றையும் பார்ப்பதில்லை. கண்டல் மரத்தில் காய் மரத்திலேயே முளைவிட்டு முருங்கைக்காய் மாதிரித் தொங்குவதைப் பிள்ளைகளுக்குக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டலாம். அடியில் சேற்று நண்டுகளில் ஆண் நண்டு தன் ஒற்றைப் பெரிய கையை ஆட்டி ஆட்டிப் பெண்ணைக் கூப்பிடும். ஆனால் தில்லை மரத்தின் கிளையை ஒடிக்க விடாதீர்கள், அதன் பால் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில் விழுகிற பக்கங்களில் தண்ணீருக்குள் கால் வைக்கவும் கூடாது. முதலை உண்டு. கரையில் நின்று பார்ப்பதே போதுமானது. வடக்கே கொக்கிளாய்க் களப்பு 1951 இலேயே சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் தெற்குக் கரை எங்கள் புல்மோட்டைப் பக்கம்தான். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கை 1971 இல் ஈரானில் கைச்சாத்தானது. அதன் கீழ் இலங்கையில் ஆறு இடங்கள் பதிவாகியிருக்கின்றன. மன்னாரில் வங்காலை இருக்கிறது. திருகோணமலை மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லை. கொழும்பை 2018 இல் ஈரநில நகரம் என்று அங்கீகரித்தார்கள். கோட்டையில், அதாவது ஸ்ரீ ஜயவர்தனபுரப் பக்கம், பெத்தகான என்ற இடத்தில் சதுப்பு நிலத்துக்கு மேலே பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். ஒருமுறை ஹயர் ஒன்றுக்குக் கொழும்பு போனபோது உள்ளே போய்ப் பார்த்தேன். வயதானவர்கள் ஆறுதலாக நடக்கிறார்கள், தாய்மார் தள்ளுவண்டியில் குழந்தைகளைக் கொண்டு வருகிறார்கள். நகரத்துக்குள் அவர்கள் பாடுபட்டுக் காப்பாற்றி வைத்திருப்பதைவிடப் பெரிய பரப்பு எங்களிடம் கேட்பாரில்லாமல் கிடக்கிறது.

கேட்பாரில்லாமல் கிடப்பதால் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். விடிய முன் றோட்டில் நிற்கிறவன் நான். விடுதி ஒன்றின் குப்பையைக் கரைச்சி ஓரத்தில் கொட்டிவிட்டுப் போவதை என் கண்ணால் கண்டேன். கேட்டதற்கு, “சும்மா கிடக்கிற இடம்தானே அண்ணன்” என்றான் வண்டிக்காரப் பொடியன். இன்னோரிடத்தில் கிறவல் போட்டு நிரப்பிக் கம்பி வேலி அடித்திருக்கிறார்கள். அந்தப் பள்ளத்தில் நிற்க வேண்டிய மழைத் தண்ணீர் மாரியில் பக்கத்து வீடுகளுக்குள் போகிறது. கண்டல் வேருக்குள்தான் இறாலும் மணலை மீனும் குஞ்சாக வளர்கின்றன. கண்டலை வெட்டி நிரப்பினால் வீச்சு வலைக்காரனின் உலையில் மண் விழும். திருகோணமலை நகரத்துப் பிரட்றிக் கோட்டை மான்கள் ஷொப்பிங் பையை மென்றுகொண்டு நிற்பதை எல்லோரும் படம் பிடிக்கிறோம். களப்பிலும் அந்தப் பைகள்தான் மிதக்கின்றன, அதைப் படம் பிடிக்க ஆளில்லை.

நான் பெரிய கட்டடம் கேட்கவில்லை. சொல்லப்போனால் கட்டடமே வேண்டாம். கொங்கிரீட் மேடை, கலர் லைட், மோட்டார்ப் படகு என்று தொடங்கினால் பறவை அடுத்த வருடம் வராது. பாலத்தின் மேல் வாகனங்கள் வேகமாகப் போவதால், இறங்கி நிற்கப் பாலத்துக்கு வெளியே பத்திரமான இடம் ஒன்று வேண்டும். அங்கிருந்து களப்போரமாக ஒரு சின்ன மண் பாதை, சக்கர நாற்காலி உருளும் அளவுக்கு அகலமாகவும் மட்டமாகவும். இடையிடையே இருக்க வாங்கு, இரண்டு மூன்று நிழல் மரம், பெண்கள் பயமில்லாமல் போகக்கூடிய ஒரு மலசலகூடம். பறவைகளின் படமும் பெயரும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய பலகை. குப்பை கொட்டினால் தண்டம் என்று எழுதுவதோடு நிற்காமல், அறவிடவும் வேண்டும்.

இன்னொன்று, என் தொழிலுக்காகக் கேட்கிறேன். எங்கள் ஓட்டோக்காரர்களுக்கும் படகுக்காரர்களுக்கும் ஓய்ந்திருக்கும் இந்த மாதங்களில் ஒரு பயிற்சி வைத்துத் தாருங்கள். எந்தப் பறவை எப்போது வரும், எவ்வளவு கிட்டப் போகலாம், கூடு வைத்திருந்தால் எப்படி விலக வேண்டும் என்று தெரிந்தவர்கள் வந்து சொல்லட்டும். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி என்னோடு ஒரு காலமை முழுக்க இருந்துவிட்டு, தங்கள் பழைய பைனொகுலரைத் தந்துவிட்டுப் போனார்கள். அது வந்த பிறகு எனக்குத் தை, மாசியில் ஹயர் கிடைக்கிறது. ஊர்க்காரர்களே பிள்ளைகளோடு வருகிறார்கள். எனக்குக் கிடைப்பது சந்தியில் நிற்கிற மற்றவர்களுக்கும் கிடைக்கலாம். பருப்பு வடையும் பிளேன்டீயும் விற்கிற அக்காவுக்கும் கிடைக்கலாம். மாரி முழுக்க வெறும் அறைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிற சின்ன விடுதிக்காரருக்கும் கிடைக்கலாம்.

வருகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பளிச்சென்ற உடுப்பு வேண்டாம். நாயைக் கூட்டி வராதீர்கள். ட்ரோன் விடாதீர்கள். பறவை தலையை நிமிர்த்தி உங்களையே பார்க்கத் தொடங்கினால் அதற்கு மேல் ஓரடியும் வைக்காதீர்கள். தண்ணீர்ப் போத்தலை வீட்டில் இருந்தே கொண்டு வந்து, திருப்பிக் கொண்டு போங்கள்.

பெப்ரவரி 2, உலக ஈரநில தினம் என்று பாடசாலைகளில் சித்திரப் போட்டி வைக்கிறார்கள். அடுத்த முறை அந்தப் பிள்ளைகளை மண்டபத்தில் இருத்தாமல் களப்புக் கரைக்குக் கூட்டிவாருங்கள் என்று அதிபர்மாரைக் கேட்டுக்கொள்கிறேன். நிலாவெளிச் சந்தியில் இருந்து களப்பு வரைக்கும் பிள்ளைகளை ஏற்றிப் போக அன்று நான் காசு வாங்க மாட்டேன். என்னோடு நிற்கிற சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிரதேச சபையினர் ஐப்பசிக்கு முன் ஒரு காலமை வந்து அந்தக் கரையில் நடந்து பார்த்தால் பாதை எதுவரை போட வேண்டும் என்பதை நாங்களே காட்டித் தருவோம்.

இப்படிக்கு,
ஓட்டோ சாரதி ஒருவர்,
நிலாவெளி, திருகோணமலை.