தோட்டத்தை இரண்டு முறை விற்காதீர்கள்

தமிழக நகரங்களில் தோட்டமும் நீச்சல் குளமுமாக உயர்தர விடுதிகளை நடத்திவரும் நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். ஊருக்குள்ளேயே இருந்துகொண்டு ஊரின் இரைச்சலை மறந்திருக்கலாம் என்று நீங்கள் தரும் வாக்கை நம்பித்தான், ரயில் நிலையத்துக்கு எதிரே பாதி வாடகையில் கிடைக்கும் சுத்தமான அறையை விட்டுவிட்டு, என்னைப் போன்றவர்கள் உங்களிடம் வருகிறோம். மெத்தையும் குளிர்சாதனமும் அங்கும் உண்டு. உங்களிடம் மட்டும் இருப்பவை மரநிழலும் அமைதியும்தான். அவற்றை எங்களுக்கு ஒரு முறையும், அதே நாளில் திருமண வீட்டாருக்கு இன்னொரு முறையும் விற்கிறீர்கள் என்பதே என் மனக்குறை.

சென்ற சித்திரை மாதக் கடைசியில், என் பெற்றோரின் நாற்பதாவது மணநாளுக்காக, மேற்கு மாவட்ட நகரமொன்றில் இத்தகைய விடுதி ஒன்றில் இரண்டு இரவுகளுக்கு அறை எடுத்தேன். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. குறை அந்த ஒரு விடுதியோடு நிற்பதில்லை. ஓர் இரவுக்கு 9,500 ரூபாய். 7,500 ரூபாயைத் தாண்டிய வாடகை என்பதால் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்து 11,210 ரூபாய். முதல் நாள் பகலில் எல்லாம் படத்தில் கண்டபடியே இருந்தன. ரயில்வேயில் கார்டாக முப்பத்து நான்கு ஆண்டுகள் இரவும் பகலும் ஓடிய என் தந்தை, புங்கமரத்தடி பெஞ்சில், பொரி சிதறியது போல உதிர்ந்து கிடந்த பூக்களுக்கு நடுவே, செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டு படிக்காமலே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் அப்படிச் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் மாலை நான்கு மணிக்கு டெம்போக்கள் வந்தன. பெஞ்சைத் தூக்கி ஜெனரேட்டருக்குப் பின்னால் போட்டார்கள். அந்தப் புங்கமரத்தின் அடிமரத்தில் ஆணி அடித்துச் சீரியல் விளக்குகளைச் சுற்றினார்கள். புல்வெளியில் மேடை எழுந்தது. வரவேற்பு நிகழ்ச்சியின் டி.ஜே. இசை இரவு பதினொன்று நாற்பது வரை நீடித்தது. கண்ணாடிக் கதவையும் திரையையும் மூடிய பின்னும், மேசைமேல் இருந்த டம்ளரில் தண்ணீர் ஒவ்வொரு அடிக்கும் வளையம் வளையமாக அதிர்ந்துகொண்டிருந்தது. தாழ்ந்த அதிர்வெண் கொண்ட ஒலி அலைகள் மெல்லிய கண்ணாடிக்கு அடங்குவதில்லை என்பது விடுதி கட்டுபவர்களுக்குத் தெரியாததன்று. கீழே சென்று கேட்டபோது, வரவேற்பு மேசையில் இருந்த இருபத்திரண்டு வயதுகூட நிரம்பாத பெண், "சார், எங்க கையில எதுவும் இல்ல சார்" என்று கண் கலங்கச் சொன்னாள். சற்று நேரத்தில் ஒரு பணியாளர் அறைக்கு வந்து, சிறிய தட்டில் நான்கு பஞ்சு உருண்டைகளை வைத்துவிட்டுப் போனார், காதில் அடைத்துக்கொள்வதற்காக. அந்தப் பெண்மீதோ அந்தப் பணியாளர்மீதோ எனக்குத் துளியும் வருத்தமில்லை. நிர்வாகம் எடுத்த முடிவுக்கு இரவுப் பணியில் இருக்கும் எளியவர்கள் தலைகுனிய வேண்டியிருப்பதுதான் என்னை மிகவும் உறுத்தியது.

இது விருந்தினரின் மனத்தாங்கல் மட்டுமன்று; இதற்குச் சட்டமும் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிகளை மூடிய அரங்குகளுக்குள் மட்டுமே பயன்படுத்தலாம். விழா நாள்களில் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டென்றாலும், அதுவும் ஆண்டுக்குப் பதினைந்து நாள்களுக்கு மேல் கூடாது. நான்கு பக்கமும் திறந்து கிடக்கும் புல்வெளி மூடிய அரங்கு ஆகாது. வணிகப் பகுதியிலேயே இரவில் 55 டெசிபல், குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல் என்று வரம்பு இருக்கும்போது, உங்கள் மதிலுக்கு அப்பால் குடியிருப்பவர்களின் உறக்கமும் இதில் அடங்கியிருக்கிறது.

திருமண வருமானம் இல்லாமல் இவ்வளவு பெரிய வளாகத்தைப் பராமரிக்க முடியாது என்று நீங்கள் சொல்லக்கூடும். அதை நான் மறுக்கவில்லை. என் தங்கையின் வரவேற்பும் இப்படியொரு தோட்டத்தில்தான் நடந்தது. ஆனால் முகூர்த்த நாள்கள் ஓராண்டுக்கு முன்பே பஞ்சாங்கத்தில் அச்சாகிவிடுகின்றன. அந்த நாள்களுக்கு உங்கள் புல்வெளி பல மாதங்களுக்கு முன்பே பதிவாகிவிடுகிறது. அமைதியைத் தேடி அறை எடுப்பவர் ஒருவருக்கு மட்டும், பெட்டியோடு வந்து இறங்கிய பிறகுதான் அது தெரிய வேண்டுமா? தெரிந்திருந்தால் நாங்கள் ஒரு வாரம் தள்ளி வந்திருப்போமே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேடையும் எண்ணூறு நாற்காலிகளும் போடத் தோதாக இருக்கட்டும் என்றுதான் பல விடுதிகளில் மரங்களை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, நடுவே கொரியன் புல்லைப் பரப்புகிறீர்கள். அந்தப் புல்லுக்கு நாள்தோறும் தண்ணீர் வேண்டும். நண்பகலில் நிழலில்லாத அந்த வெளியில் உட்காரவும் முடியாது. 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த மாநிலம் இது. வேம்பும் புங்கையும் பூவரசும் வேர் பிடித்துவிட்டால் அவ்வளவு தண்ணீர் கேட்பதில்லை. அவை தரும் நிழலுக்காகத்தானே நாங்கள் வருகிறோம்.

செய்துகாட்டியவர்கள் இல்லாமல் இல்லை. மதுரை கோச்சடையில் இப்போது ஹெரிடேஜ் மதுரை என்ற விடுதியாக இருக்கும் பழைய மதுரை கிளப்பை, இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970களில் வடிவமைத்தார். முதிர்ந்த ஆலமரங்கள், காற்றுக்குத் திறந்த தாழ்வாரங்கள், தெப்பக்குளப் படிக்கட்டுகளை நினைவூட்டும் நீச்சல் குளம் என்று அங்கே கட்டடம் மரங்களுக்கு வழிவிட்டு நிற்கிறது. நகரத்துக்குள் இருக்கிறோம் என்பதே சற்று நேரத்தில் மறந்துபோகிறது. அவ்வளவு நிலம் இல்லையென்றால் சிங்கப்பூரைப் பார்க்கலாம். 2013இல் திறக்கப்பட்ட பார்க்ராயல் பிக்கரிங் விடுதி, அலுவலகக் கோபுரங்களுக்கு நடுவே நெருக்கடியான மனையில் எழுந்தது. ஆயினும் அதன் மாடித் தோட்டங்களின் பரப்பு ஏறத்தாழ 15,000 சதுர மீட்டர், மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்தப் பசுமை அறைகளின் வாசலிலேயே அடுக்கடுக்காக அமைந்திருப்பதால், மேடை போடுவதற்காக அதை யாரும் விருந்தினரிடமிருந்து பறித்துவிட முடியாது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை பெரிய முதலீடு எதையும் வேண்டுபவை அல்ல. திறந்தவெளி நிகழ்ச்சி உள்ள நாளில் அறை பதிவு செய்பவருக்கு, பணம் கட்டும் முன்பே அதை எழுத்தில் தெரிவியுங்கள். தெரிந்தே வருபவர் வரட்டும், அன்றைய வாடகையையும் குறைத்துக்கொள்ளுங்கள். இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தும் பொறுப்பை இளநிலைப் பணியாளர் தலையில் கட்டாமல், மண்டப ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாகச் சேர்த்து, மேலாளர் நேரில் நின்று நிறைவேற்றட்டும். தோட்டத்தின் ஒரு பகுதியையாவது, எத்தனை பெரிய வீட்டுத் திருமணமானாலும், தங்கியிருப்பவர்களுக்கென்றே ஒதுக்கிவையுங்கள். மரத்தில் ஆணி அடிக்க அலங்காரக்காரர்களை அனுமதிக்காதீர்கள். விளக்குகளைத் தொங்கவிடக் கயிறு போதும்.

வரும் தை மாதம் என் பெற்றோரை மீண்டும் அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். முகூர்த்த நாள்கள் நிறைந்த மாதம் என்பது தெரிந்துதான் எழுதுகிறேன். பதிவு செய்யும்போது, அன்றிரவு தோட்டத்தில் என்ன நடக்கும் என்றும், மரத்தடி பெஞ்சு அதன் இடத்திலேயே இருக்குமா என்றும் கேட்பேன். உங்களில் எவர் இவ்விரண்டுக்கும் எழுத்தில் பதில் தருகிறாரோ, அவரிடம் வருவோம்.

இப்படிக்கு,
உங்கள் விடுதிகளில் தங்கும் பயணிகளில் ஒருவன்