ஏலாது என்று சொன்ன மகளுக்கு

உடுவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மகளுக்கு,

தொலைபேசியில் உனக்குப் பொய் சொல்லிப் பழகிவிட்டேன். "சுகமாக இருக்கிறோம், அப்பா நன்றாகச் சாப்பிட்டார்" என்று வாய் தானாகவே சொல்லிவிடுகிறது. பேனாவைப் பிடித்தால் அப்படி வருவதில்லை. அதனால்தான் இதை எழுதி, கனடாவுக்கு வருகிற மாமாவின் மகனிடம் கொடுத்துவிடுகிறேன். பொதியோடு சேர்த்துத் தருவான்.

செவ்வாய்க்கிழமை நீ அனுப்பிய குரல்பதிவை மூன்று தடவை கேட்டேன். இரவு வேலை முடிந்து பஸ் தரிப்பிடத்தில் நின்று பேசியிருக்கிறாய். பின்னால் காற்று இரைகிறது. "அம்மா, எனக்கு ஏலாது. ஜெபிக்கவும் ஏலாது. குசினிச் சுவரில் இருக்கிற வசனத்தைப் பார்த்தாலே கோபம் வருகிறது" என்றாய். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் காற்று மட்டும். பிறகு "பஸ் வருகிறது" என்று முடித்துவிட்டாய்.

அந்த வசனத்தை உனக்குத் தந்தவள் நான்தான். நீ புறப்பட்ட வருடம் சபைக் காலண்டரில் இருந்து வெட்டி, உன் பெட்டியில் சேலைகளுக்கு நடுவில் வைத்தேன். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." பிலிப்பியர் நான்காம் அதிகாரம், பதின்மூன்றாம் வசனம். இரவு முழுவதும் முதியவர்களைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டுகிற ஒருத்தியைப் பார்த்து "எல்லாவற்றையும் செய்" என்று ஒரு சுவர் நாள்தோறும் சொன்னால், எனக்கும் கோபம்தான் வரும்.

உன் குரலைக் கேட்ட பிறகு வேதாகமத்தை எடுத்து அந்த இடத்தை முன்னும் பின்னுமாக வாசித்தேன். பவுல் அதைக் கட்டுண்டு இருந்தபோது எழுதுகிறார். பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவரின் கையில் உதவி அனுப்பியிருக்கிறார்கள். அது கிடைத்துவிட்டது என்று நன்றி சொல்லுகிற பகுதி அது. எங்கள் ஊர்க் கடிதங்களில் "நீங்கள் அனுப்பிய காசு கிடைத்தது" என்று எழுதுவோமே, அப்படி. "எல்லாம்" என்று அவர் சொல்வது எதை என்பது முந்தின வசனத்தில் இருக்கிறது: வயிறு நிறைந்திருக்கவும் பட்டினியாக இருக்கவும் அவர் கற்றுக்கொண்டாராம். வென்று காட்டுவதைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. அடுத்த வசனத்தைப் பார். "ஆனாலும்" என்று தொடங்குகிறது. என் உபத்திரவத்தில் நீங்கள் என்னோடு பங்குபட்டது நல்லது என்கிறார். எல்லாவற்றுக்கும் பெலனுண்டு என்று எழுதிய மை காய்வதற்குள், நீங்கள் கை கொடுத்தது நல்லதாய்ப் போயிற்று என்கிறார் மனிதர். பதினான்காம் வசனத்தை எந்தக் காலண்டரிலும் நான் கண்டதில்லை. உன்னுடைய துண்டிலும் அது இல்லை. ஆனால் அந்தக் கத்தரிக்கோல் என்னுடையது.

இனி நான் மறைத்ததைச் சொல்கிறேன். பங்குனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவைக் கீழே போட்டுவிட்டேன்.

பயப்படாதே, எலும்பு ஒன்றும் முறியவில்லை. அப்பாவைக் கட்டிலில் இருந்து கதிரைக்கு மாற்றுவதற்கு ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளை எனக்குப் பழக்கித் தந்தாள். உனக்கு இது தொழில், ஆனாலும் சொல்கிறேன். அவருடைய இடுப்பில் பழைய வேட்டித் துண்டை மடித்துக் கட்ட வேண்டும். என் முழங்காலை மடக்கி, அவருடைய வழங்காத வலது முழங்காலுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். பிறகு துண்டைப் பிடித்துக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, இரண்டு பேரும் சேர்ந்து முன்னால் சாய வேண்டும். "தூக்காதீர்கள் அம்மா, அவருடைய பாரத்தை அவருடைய காலிலேயே இறக்கிவிடுங்கள்" என்று அந்தப் பிள்ளை ஓயாமல் சொல்லுவாள். அன்றைக்கு அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அவசரத்தில் எண்ணவும் இல்லை, முழங்காலை மடக்கவும் இல்லை. கையாலே தூக்கப் பார்த்தேன். இரண்டு பேரும் சீமெந்துத் தரையில் வழுகி இருந்துவிட்டோம். என் ஒரு கால் அவருக்கு அடியில் அகப்பட்டுக்கொண்டது.

அப்பாவுக்கு வந்த பாரிசவாதம் எல்லாச் சொல்லையும் எடுத்துக்கொண்டு "தேத்தண்ணீர்" என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவைத்தது உனக்குத் தெரியும். மின்விசிறி போட வேண்டுமென்றாலும் தேத்தண்ணீர்தான், நுளம்பு கடித்தாலும் தேத்தண்ணீர்தான். தரையில் இருந்து என் முகத்தைப் பார்த்து மெதுவாக "தேத்தண்ணீர்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சோறு அடிப்பிடிக்கிற மணம் வேறு.

நாற்பது நிமிடம் அப்படியே இருந்தோம். எழும்புவதற்குப் பெலன் தாரும் கர்த்தரே என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒன்றும் வரவில்லை. கூப்பிடவும் வெட்கம். இத்தனை வருடமாகப் பெண்கள் ஐக்கியத்தில் முன்னுக்கு நின்றவள், ஒரு மனிதரைக் கதிரையில் இருத்த முடியாமல் கத்துவதா என்று. கடைசியில் கால் விறைத்துப் போனதால்தான் வாய் திறந்தது. "அக்கா!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு அக்கா வேலிப் பொட்டுக்குள்ளால் ஓடி வந்தார். கையெல்லாம் தேங்காய்ப்பூ. வெள்ளிக்கிழமை விரதம், நல்லூர்க் கோயிலுக்குப் போய் வந்து சமைத்துக்கொண்டிருந்தாராம். பின்னால் அவருடைய மகன். இரண்டு நிமிட வேலை. நான் நாற்பது நிமிடமாகக் கேட்டுக்கொண்டிருந்த பெலன் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்திருக்கிறது, பிள்ளை.

(ஒழுங்கையில் மற்ற வளவுகள் எல்லாம் வெளிநாட்டுக் காசில் மதிலாகிவிட்டன. எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் மட்டும் இன்னும் கிடுகு வேலி. போன வருடம் நீ மதில் கட்டக் காசு அனுப்பட்டுமா என்று கேட்டாய். வேண்டாம்.)

அது நடந்து இரண்டு கிழமைக்குள் வெளியூரில் இருந்து ஒரு பிரசங்கியார் அப்பாவுக்கு ஜெபிக்க வந்தார். ஜெபித்துவிட்டு, வீட்டில் விசுவாசம் குறைவாக இருப்பதால்தான் சுகம் தாமதிக்கிறது என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார். நான் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். இரவுதான் கோபம் வந்தது. அவர் ஒரு நாளாவது ஒருவருக்கு மலசலம் கழுவிவிட்டிருப்பாரா என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், இன்னும் கேட்கவில்லை.

அவர் சொல்வதுதான் விசுவாசம் என்றால், 1995 இல், சண்டையால் ஊரே இடம்பெயர்ந்தபோது, அது எங்களிடம் கொஞ்சமும் இருக்கவில்லை. ஒக்டோபர் 30 இரவு, எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் கிழக்கே தென்மராட்சிக்குப் போக வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். உனக்கு ஆறு வயது. அப்பம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி அப்பா உருட்டினார். நீ என் இடுப்பில், உடுப்புப் பை என் தோளில். மழை. நாவற்குழிப் பாலத்துக்குப் போகிற தெருவில் ஓரடி வைப்பதற்கு ஒரு நிமிடம் நிற்க வேண்டும், அவ்வளவு சனம். தாகத்துக்குத் தண்ணீர் இல்லாமல் குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைத் தண்ணீரை ஏந்தி உனக்குப் பருக்கினேன். குடைத் துணியின் சாயம் இறங்கி உன் உதடு கறுத்துப்போயிற்று. அந்த இரவு நான் ஜெபித்தேன் என்று பிற்காலத்தில் சபையில் சாட்சி சொல்லியிருக்கிறேன். உண்மை என்னவென்றால் "கர்த்தரே" என்ற சொல்லுக்கு அப்பால் நான் போகவில்லை. அதையும் அரைவாசி இடங்களில் சலிப்போடுதான் சொன்னேன். செம்மணி தாண்டியதும் என் இடுப்பு விட்டுப்போய் உன்னை இறக்கிவிட்டேன். முன்பின் தெரியாத ஒரு பொடியன் உன்னைத் தூக்கித் தன் சைக்கிள் பாரில் இருத்தி, கைதடி வரைக்கும் எங்களுக்குப் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்தான். பெயர் கேட்க மறந்துவிட்டேன். அடுத்த சித்திரையில் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது அந்த முகத்தைத் தெருவெல்லாம் தேடினேன், காணவில்லை.

நீ "ஏலாது" என்றாயே, அதை ஜெபம் இல்லை என்று யார் உனக்குச் சொன்னது? எலியா அதைத்தான் சொன்னார். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றிக்கு அடுத்ததாக, ஒரு சூரைச்செடிக்குக் கீழே இருந்து "போதும் கர்த்தாவே" என்றார். சாக வேண்டும் என்று கேட்டார். தேவன் அவருக்குப் புத்தி சொல்லவில்லை, விசுவாசம் குறைவென்று கடிந்துகொள்ளவும் இல்லை. நித்திரை கொள்ள விட்டார். பிறகு தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னபோது தூதன் சொன்ன காரணம், "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்பதுதான். எனக்கு இந்தப் பகுதியில் மிகவும் பிடித்தது அந்த இரண்டாவது நித்திரை. வேலை முடிந்து வந்து வேதம் வாசிக்காமல் தூங்கிவிட்டேன் என்று நீ குற்றப்பட்டுக்கொள்கிறாய். தூங்கு. ஆனால் அடையையும் சாப்பிடு. பிள்ளைகள் மிச்சம் வைத்த பாண் ஓரத்தைச் சாப்பாடு என்று சொல்லாதே.

இப்போது கண்டிப்பாக ஒன்று பேச வேண்டும். கிழமையில் மூன்று நாள் இரட்டை வேலை செய்கிறாய் என்று மருமகன் சொன்னார். அவரைக் கோபிக்காதே, நான் துருவிக் கேட்டுத்தான் சொன்னார். அராலியில் பெரியப்பாவின் கிணறு நினைவிருக்கிறதா? சின்ன வயதில் வாளி வாளியாக அள்ளி உன்னைக் குளிக்க வார்ப்போம், தேங்காய்த் தண்ணீர் மாதிரி இருக்கும். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு இல்லை. மாரிமழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லியதாக மிதந்து நிற்கிறது, அவ்வளவுதான் எங்களுடைய நன்னீர். துலாவால் இறைத்த காலத்தில் மாலையில் வற்றிய கிணறு விடியும்போது ஊறியிருக்கும். பெரியப்பா வெங்காயத்துக்கு மோட்டர் பூட்டி, விடியவிடிய இறைத்தார். இரண்டு மூன்று வருடத்தில் உவர் மேலே ஏறிவிட்டது. இப்போது அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது. உன் குரலில் அந்த உவரைத்தான் கேட்டேன்.

நீ படித்த பள்ளிக்கூடத்தை 1824 இல் தொடங்கிய ஹரியட் வின்ஸ்லோ அம்மையாரைப் பற்றி ஒவ்வொரு வருடமும் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். ஒன்பது வருடம்தான் அவர் அதைப் பார்த்தார். 1833 இல் இங்கேயே இறந்துபோனார். அப்போது அவருக்கு 36 வயது, இப்போது உனக்கு இருக்கிற வயது. பிறகு வந்த கிட்டத்தட்ட இருநூறு வருடத்தையும் அவர் சுமக்கவில்லை, வேறு கைகள் சுமந்தன. ஏனோ இரண்டு நாளாக அவரைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அதனால் இப்படிச் செய். அடுத்த மாதம் முதல் அனுப்புகிற காசில் பாதியைக் குறை. பின்வளவு முருங்கையும் தேங்காயும் விற்கிறேன், அப்பாவின் ஓய்வூதியம் இருக்கிறது, பகலில் அப்பாவைப் பார்க்க வருகிற பொடியனுக்கு அது போதும். குறைகிற காசுக்கு ஏற்ற மாதிரி ஒரு இரட்டை வேலையையாவது விடு. அடுத்தது, உன் சபையில் புதன்கிழமைகளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு அம்மா கேட்டதாகச் சொன்னாயே, "பரவாயில்லை, சமாளிப்பேன்" என்று சொன்னாயாம். அவரைக் கூப்பிட்டு, ஏலாது என்று சொல். எனக்குச் சொன்ன அதே குரலில் சொல். எனக்கு நாற்பது நிமிடம் எடுத்தது, உனக்கு அவ்வளவு எடுக்க வேண்டாம்.

காலண்டர்த் துண்டைக் கழற்றுவதா வேண்டாமா என்பது உன் விருப்பம். வைத்திருந்தால், அதன் கீழே பதினான்காம் வசனத்தைப் பேனாவால் எழுதிவிடு.

பொதியில் வறுத்து இடித்த மிளகாய்த்தூள் இரண்டு கிலோ, ஒடியல் மா ஒரு கிலோ, பேரனுக்குப் பனங்கட்டி. தூளைப் பக்கத்து வீட்டு அக்காதான் வறுத்துத் தந்தார், நான் கிட்டப் போனால் தும்முகிறேன் என்று துரத்திவிட்டார். ஒரு கிலோவை அந்தப் புதன்கிழமை அம்மாவுக்குக் கொடு. உறைப்புக் கூட என்று முதலிலேயே சொல்லிவிடு.

உள்ளே அப்பா கூப்பிடுகிறார். தேத்தண்ணீராம். நான்கு மணியாகிவிட்டது, இந்த முறை உண்மையிலேயே தேத்தண்ணீர்தான் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா