கஸ்தூரியார் வீதிக்கு ஒரு வாங்கு

மதிப்புக்குரிய மாநகர முதல்வர் அவர்களுக்கும் யாழ். மாநகர சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். தெருவிளக்குக்கும் வாய்க்காலுக்கும் உங்களுக்கு எழுத ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுதுவது ஒரு வாங்கைப் பற்றி, ஆட்கள் குந்துகிற நீள மர ஆசனம் ஒன்றைப் பற்றி.

கஸ்தூரியார் வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கை ஒன்றின் முகப்பில், தேநீர்க் கடை வாசலில் அது கிடந்தது. மூன்று பேர் வசதியாக இருக்கலாம். ஐந்து பேர் நெருக்கியடித்தால் ஒரு கால் ஆடும். கடைக்காரர் காலமான பிறகு வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கட்டடத்தை விற்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஆளுக்கொரு நாட்டில் இருந்துகொண்டு தேநீர்க் கடையை என்ன செய்வது? வாங்கை யாரோ விறகுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அந்த ஒழுங்கைக்குள் இருந்த அச்சுக்கூடத்தில்தான் 1972இல், மீசை அரும்பாத வயதில், ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக அடுக்கி அச்சுக்கோர்க்கச் சேர்ந்தேன். கல்யாணக் கடிதமும் இறந்தவருக்குப் போடும் அந்தியேட்டி மலரும்தான் எங்களுக்குச் சோறு போட்டன. ஆனால் இரவு வேலை முழுவதும் கவிதைப் புத்தகமும் சிறுசஞ்சிகையும்தான். முதலாளிக்கு இலக்கியம் பிடிக்கும் என்பதற்காக அல்ல, இலக்கியக்காரர்கள் காசைப் பிந்தித் தருவார்கள் என்பதால் அவர்களின் வேலையைப் பகலில் செய்வதில்லை. எழுதியவர் வாங்கில் காத்திருப்பார். புரூப் கையில் கிடைத்ததும் ஒரு சொல்லை மாற்றுவார். மாற்றிய சொல்லில் ஒரு 'ழ' கூடிவிடும். பெட்டியில் ழகரம் தீர்ந்துபோயிருக்கும். யாழ், தமிழ், ஈழம் என்று எழுதுகிற கூட்டத்துக்கு எத்தனை ழகரம் வார்த்து வைத்தாலும் காணாது. புதுக்கவிதை வந்தபின் இன்னொரு தொல்லை. வரிகள் குறுகக் குறுக, வெற்றிடத்தை அடைக்கிற ஈயக் கட்டைகள் போதாமல் போயின. விமர்சகர்கள் எதனால் அளந்தார்களோ தெரியாது, நவீன கவிதையின் வளர்ச்சியை நான் கட்டைகளின் தட்டுப்பாட்டால் அளந்தேன்.

கோபம் வந்தால் வெளியே போய் நானும் அந்த வாங்கில்தான் இருப்பேன். அங்கே ஓவியம் படிப்பிக்கிற ஆசிரியர் ஒருவரும், மிருதங்கத்துக்கு வார் பிடிக்கிற ஒருவரும், பல்கலைக்கழகம் வந்தபின் அங்கிருந்து சைக்கிளில் வருகிற மாணவர்களும், எதற்கென்றே தெரியாமல் வருகிற சிலரும் இருப்பார்கள். பால் விடாத ஒரு பிளேன்ரீயை மூன்றாகப் பிரித்துக் குடிப்பார்கள். கடைக்காரரிடம் ஒரு கடன் கொப்பி இருந்தது. அதில் இருந்த பெயர்களில் பாதியை நான் பின்னர் புத்தக அட்டைகளில் கோர்த்திருக்கிறேன்.

இந்தப் பழக்கம் எங்கள் ஒழுங்கையில் தொடங்கியதல்ல. நான் தொழிலுக்கு வரும் முன்னரே, 1966இல், இதே கஸ்தூரியார் வீதியில் முடிதிருத்தும் கடை நடத்திக்கொண்டே டொமினிக் ஜீவா 'மல்லிகை' சஞ்சிகையைத் தொடங்கினார். அது நானூறு இதழ்களைக் கடந்து வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு நாட்டின் இலக்கியம் சலூன் கதிரைக்குப் பக்கத்தில் இருந்து பேசப்பட்டது என்று சொன்னால் வெளியூர்க்காரர் சிரிப்பார்கள். ஏன் சலூன் என்று கேட்டால்தான் எங்கள் ஊரின் முகம் தெரியும். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. ஆனாலும் குடாநாட்டுத் தேநீர்க் கடைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு உள்ளே இருக்க இடமில்லை, தேநீர் போத்தலிலோ தகரத்திலோதான் கிடைத்தது. 'மல்லிகை' வந்த அதே ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ் நகர முற்றவெளித் திடல் நோக்கி ஊர்வலம் புறப்பட்டதும் பொலிஸ் தடியடி நடந்ததும் அதனால்தான். எங்கள் பேச்சில் 'இருங்கோ' என்றால் உட்காரச் சொல்வது. அந்த ஒரு சொல்லை யார் யாருக்குச் சொன்னார்கள், யாருக்குச் சொல்லவில்லை என்பதில் ஒரு முழு ஊரின் கதை கிடக்கிறது. சலூனில் யார் வந்தாலும் இருக்கலாம். அதனால் பேச்சு அங்கே வந்தது. எனவே பழையதெல்லாம் பொற்காலம் என்று நான் உங்களிடம் அழ வரவில்லை.

யுத்த காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீங்களும் அதற்குள்ளால் வந்தவர்கள்தான். பொருளாதாரத் தடை நாட்களில் பயிற்சிக் கொப்பியின் கோடு போட்ட தாளில் அச்சடித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம், ஜாம் போத்தல் விளக்கில் எழுத்துக் கோர்த்தோம். 1995 ஒக்டோபர் 30 இரவு ஊரே இடம்பெயர்ந்தபோது எல்லோரையும் போல நாங்களும் நடந்தோம். திரும்பி வந்தபோது அச்சுக்கூடத்துக்குக் கூரை இல்லை, எழுத்துகள் தரையில் கொட்டிக் கிடந்தன. வாங்கு மட்டும் இருந்தது.

ஆக, அந்த இடத்தைக் குண்டு கொல்லவில்லை. நகைக்கடைகளும் கொல்லவில்லை, என் மகளின் தாலிக்கொடியை நானும் அந்த வீதியில்தான் வாங்கினேன். ஈய எழுத்தைக் கொன்றது கணினி. அதிலும் எனக்குப் புகார் இல்லை, இடுப்பு வலி மிச்சம். ஆனால் தெற்கோடு இணைக்கிற ஏ9 வீதி திறந்து, 2014இல் யாழ்தேவி ரயில் திரும்ப வந்து, வெளிநாட்டுக் காசும் காணி விலையும் ஏறியபோது, கைக்கடக்கமான வாடகைக்கு ஓர் அறை என்பது அந்தப் பக்கத்தில் இல்லாமற் போயிற்று. அச்சு இயந்திரத்தைப் பழைய இரும்பு நிறைக்கு விற்றார்கள். அது நின்ற இடத்தில் இப்போது கண்ணாடிக் கதவு. குளிர்சாதனக் காற்று வெளியே வந்துவிடும் என்று காவலாளி கதவைத் திறந்ததும் சாத்துகிறார். வாசலில் இருக்கப் பார்த்தால் எழுப்பிவிடுகிறார். அவருடைய வேலை அது.

போன வருடம் பாரிஸிலிருந்து என் பெறாமகன் வந்தான். அங்கே தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் கடை வைத்திருக்கிறான். அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் மொன்மார்த் என்றொரு மேட்டுப் பகுதி இருக்கிறதாம். பிக்காசோ 1904 முதல் 1909 வரை அங்கே பலகைச் சுவர் வைத்த, தண்ணீர் வசதி சரியாக இல்லாத ஒரு கட்டடத்தில் குடியிருந்தார். வாடகை மலிவு என்பதால்தான் ஓவியர்கள் அங்கே போனார்கள். இன்று அந்தப் பகுதியின் சதுக்கத்தில் உல்லாசப் பயணிகள் வரிசையில் நின்று முகம் வரைந்துகொள்கிறார்கள். "அங்கே எல்லாம் இருக்கிறது சித்தப்பா, வரைகிற ஆட்கள் குடியிருக்கத்தான் கட்டாது" என்றான். நாங்கள் அந்த அளவுக்குக்கூடப் போகவில்லை, எங்கள் வீதிக்கு உல்லாசப் பயணியும் வருவதில்லை.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். உங்களிடம் பொதுநூலகம் இருக்கிறது. அதன் பக்கத்தில் இந்திய உதவியில் எழுந்த கலாசார மண்டபம் பதினொரு மாடி உயரத்தில் நிற்கிறது. நல்ல கட்டடம், நான் போய்ப் பார்த்தேன். ஆனால் மண்டபம் என்பது முடிந்த வேலைக்கு. அங்கே ஏறுவதற்கு விண்ணப்பம் வேண்டும், திகதி வேண்டும், பிரதம விருந்தினர் வேண்டும், பொன்னாடை வேண்டும். பாதி எழுதிய கதையோடு, கையில் காசில்லாமல், சண்டை பிடிக்க ஆள் தேடி வருகிற இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இங்கே பல்கலைக்கழகம் இருக்கிற திருநெல்வேலிப் பக்கம் வாடகை அறைகளில் கூடுகிறார்கள், வீட்டுக்காரர் சத்தம் போட்டால் கலைகிறார்கள். பெண்பிள்ளைகளுக்கு அந்த அறைகளும் இல்லை. எங்கள் வாங்கிலும் அவர்கள் இருந்ததில்லை என்பதை வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

சபைக்குச் சொந்தமான கடைத்தொகுதிகள் நகர மத்தியில் இருக்கின்றன. மேல்மாடிக் கடைகளுக்கு ஆட்கள் ஏறுவது குறைவு என்று எந்த வியாபாரியும் சொல்வார். அவற்றில் இரண்டையோ மூன்றையோ சிறு வாடகைக்கு, சஞ்சிகை நடத்துகிறவர்களுக்கும் நாடகம் பழகுகிறவர்களுக்கும் படம் வரைகிறவர்களுக்கும் கொடுங்கள். முற்பணம் கேட்காதீர்கள். இரவு ஒன்பது மணிவரை படிக்கட்டு விளக்கை எரியவிடுங்கள், பெண்பிள்ளைகள் பயமில்லாமல் ஏறி இறங்க வேண்டும். தயவுசெய்து அதற்கு ஒரு குழு அமைக்காதீர்கள். குழு அமைத்தால் தலைவர் வருவார், தலைவர் வந்தால் மாலை வரும். 'கலை வீதி' என்று வளைவும் கட்ட வேண்டாம். ஜீவாவுக்குச் சிலை வைக்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால் வையுங்கள், பக்கத்தில் நாலு பேர் இருக்க இடம் விட்டு வையுங்கள்.

அடுத்தது அந்த வாங்கு. வீதியோரத்தில் நடப்பவருக்கு இடைஞ்சல் இல்லாத ஓரிடத்தில், முடிந்தால் ஒரு வேம்பின் கீழ், வாங்கு ஒன்று போட அனுமதி தாருங்கள். சபைக்குச் செலவில்லை. எழுத்துப் பெட்டிகள் அடுக்கியிருந்த பலகைகள் இரண்டு என் வீட்டு விறாந்தையில் கிடக்கின்றன, மை ஊறியதால் கறையான் தொடவில்லை. கால் அடித்துத் தர எனக்குத் தெரிந்த தச்சர் ஒருவர் இருக்கிறார். உங்கள் ஆட்கள் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வந்து ஏற்றிப்போனால் போதும். காலையில் வரச் சொல்லுங்கள், மத்தியானம் நான் நித்திரையாக இருப்பேன்.

இப்படிக்கு,
பழைய அச்சுக்கோர்ப்பாளன் ஒருவன்,
வண்ணார்பண்ணை