திரையைப் பாருங்க என்று சொன்ன அக்காவுக்கு

எங்கள் கணினிக்கூடத்துக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்,

இன்று மாலை 11 மெஷின்களும் ஒழுங்காக அணைந்தன. ஒன்றில்கூடப் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. கடைசி விசிறியும் அடங்கியவுடன் இதை எழுத உட்கார்ந்தோம்.

லினக்ஸின் மையமான கெர்னலை அப்டேட் செய்த பிறகு, அணைக்கும்போது கெர்னல் விழுந்து மெஷின்கள் அணையாமல் நின்று நாங்கள் பட்டதெல்லாம் உங்களுக்கே தெரியும். கணினி ஏறும்போது கெர்னலைத் தேர்ந்தெடுக்கும் க்ரப் மெனுவின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் போய்ப் பழைய கெர்னலில் ஏற்றச் சொன்னவர்கள், அந்தப் பழைய கெர்னல் ஆட்டோரிமூவில் (தேவையற்றதைத் தானாக நீக்குவதில்) போய்விடாமல் ஆப்ட்-மார்க் ஹோல்டு போட வைத்தவர்கள், "90 விநாடி எண்ணிக்கிட்டு நிக்குதுன்னா அது சர்வீஸ்களை நடத்துற சிஸ்டம்டி ஏதோ ஒரு சர்வீசுக்காகக் காத்திருக்கு, கெர்னல் விழுறது வேற" என்று பிரித்துக் காட்டியவர், டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் பார்த்து, கெர்னலோடு வராத வெளி மாட்யூல் (கெர்னலில் சேரும் ட்ரைவர் போன்ற துண்டு) ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று சோதிக்கச் சொன்னவர், உங்கள் ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி.

ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போனில் வந்த அக்காவுக்குப் பட்ட கடன் தனி. அதுவரை ஜர்னல்சிடிஎல் -பி -1 -இ என்று போட்டு முந்தைய தடவை கணினி ஓடியதன் பதிவான ஜர்னலையே புரட்டிக்கொண்டிருந்தோம். அதில் ஒன்றுமே இல்லை. "இருக்காதுங்க. ஜர்னல் எழுதுறது அதுக்கு முன்னாடியே நின்னுடுது, டிஸ்க்கும் ரீட்-ஒன்லி ஆயிடுது. அதுக்கப்புறம் விழுறதை எங்க போய் எழுதும்? திரையைப் பாருங்க" என்றார்.

க்ரப் மெனுவில் 'இ' விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் க்வயட், ஸ்ப்ளாஷ் இரண்டையும் எடுத்துவிட்டு, கெர்னல் செய்வதைத் திரையில் காட்ட வைக்க அங்கே இனிட்கால்_டீபக் இக்னோர்_லாக்லெவல் என்று சேர்க்க வேண்டும். தப்பாக அடித்தாலும் கெர்னல் நிற்காமல் ஏறிவிடும் என்பதால் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். "நடுவுல இடைவெளி விடாதீங்க, அது அடிக்கோடு." பின்னால் குக்கர் விசில் கேட்டது. ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை. ஏறி முடித்ததும் கெர்னலுக்குப் போன வரியைக் காட்டும் /ப்ராக்/சிஎம்டிலைனைக் கேட் கட்டளையால் திறந்து இரண்டு சொல்லும் அங்கே இருக்கிறதா என்று பார்க்க வைத்த பிறகுதான் அணைக்கச் சொன்னார்.

அணையும்போது கெர்னல் சாதனப் பட்டியலைக் கடைசியிலிருந்து முதல்வரை பின்னோக்கி நடந்து, ஒவ்வொரு ட்ரைவரின் ஷட்டவுன் வேலையையும் கூப்பிடும். இனிட்கால்_டீபக் இருந்தால், கூப்பிடுவதற்கு முன் அந்தச் சாதனத்தின் பெயரைத் திரையில் போடும். ஆகவே ஊப்ஸுக்கு (கெர்னல் விழும்போது வரும் பிழைச் செய்திக்கு) மேலே கடைசியாக நிற்கும் பெயரிலிருந்துதான் தேடத் தொடங்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், ஊப்ஸின் கால் ட்ரேஸ் (எந்த வழியாக வந்து விழுந்தது என்ற பட்டியல்) கொட்டும் வரிகள் அந்தப் பெயரை மேலே தள்ளிவிடும், கண் பிடிக்காது. போனில் ஸ்லோ மோஷனாக எடுத்து நிறுத்தி நிறுத்திப் பார்க்கச் சொன்னதும் அக்காதான். மூன்றாவது முறை எடுத்த வீடியோவில் கிடைத்தது: 0000:02:00.0. சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ -கே போட்டதும் அது வைஃபை கார்டு என்று தெரிந்தது, கீழேயே ட்ரைவரின் பெயரும் இருந்தது.

மோட்ப்ரோப் -ஆர் கொடுத்து அந்த ட்ரைவரின் மாட்யூலைக் கழற்றிவிட்டு அணைத்தோம். சுத்தமாக அணைந்தது. இப்போதைக்கு அதே வரியை ஒரு சின்ன ஷெல் ஸ்க்ரிப்ட் ஆக்கி, ஓட அனுமதிக்கும் சிமோட் 755 கொடுத்து, /யூஎஸ்ஆர்/லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம்-ஷட்டவுன்/ அடைவில் வைத்திருக்கிறோம். பவர் போவதற்குச் சற்று முன் சிஸ்டம்டி அதை ஓட்டிவிடும்.

இது ஒட்டுப்போட்டதுதான், குணமானதல்ல. கோளாறைக் கொண்டுவந்த கமிட்டை (கெர்னல் நிரலில் செய்த ஒரு மாற்றத்தை), பாதிபாதியாகக் குறுக்கித் தேடும் கிட் பைசெக்டில் பிடிக்கப் போகிறோம். இரண்டு வெளியீடுகளுக்கு நடுவே 10,000 கமிட் இருந்தாலும் 14 முறை கம்பைல் செய்தால் போதும், லோக்கல்மாட்கான்ஃபிக்கில் தேவையில்லாத மாட்யூல்களைக் கழித்துவிட்டால் ஒவ்வொரு பில்டும் சீக்கிரம் முடியும். சனிக்கிழமை காலை தொடங்குகிறோம். வீடியோவிலிருந்து எடுத்த படத்தோடு கெர்னல்காரர்களுக்குப் புகார் போகும், திருத்தம் வரும்வரை விடமாட்டோம்.

வழிகாட்டியவர் பெயரைத் திருத்தமான பேட்சில் சேர்ப்பது அங்கே உண்டு, அதற்கு அவருடைய சம்மதம் வேண்டும். அக்கா, உங்கள் பெயரைப் போடலாமா? சனிக்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.