ஞாயிறு ஆராதனைக்குப் பின் அரை மணி நேரம்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வரும் ஞாயிறு ஆசீர்வாதம் முடிந்ததும் யாரும் உடனே கிளம்ப வேண்டாம். தர்மப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

1523-இல் ஜெர்மனியில், சாக்சனியின் லைஸ்னிக் ஊர்ச் சபையார் ஒரு பொதுப் பெட்டி வைத்தார்கள். அந்த ஒழுங்குமுறைக்கு முன்னுரை எழுதியவர் திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர். பொறுப்பாளர்கள் பத்துப் பேர், அவர்களில் மூவர் விவசாயிகள். போதகர் சம்பளம், பள்ளிக்கூடம், அநாதைகள், முதியோர், கடனில் விழுந்தவர்கள் எல்லாருக்கும் அதிலிருந்துதான். பெட்டிக்கு நான்கு பூட்டு, சாவிகள் ஒரே கையில் இல்லை. (நம் பொருளாளரைக் குறை சொல்லவில்லை!) நம் உதவி நிதியையும் இப்படி நாலு பேர் பார்வையில் வைக்கலாமா என்பதுதான் கேள்வி.

திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கு: 1529-இல் வந்த லூத்தரின் சிறிய ஞானோபதேசம் (கேள்வி-பதிலாக விசுவாசத்தைச் சொல்லும் சிறு புத்தகம்) வீட்டில் பெரியவர்கள் சொல்லிக்கொடுப்பதற்காகவே எழுதப்பட்டது. வகுப்பு மட்டும் போதாது. இந்த வாரம் விசுவாசப் பிரமாணத்தின் முதல் பகுதி. "இதற்கு அர்த்தம் என்ன?" என்று சாப்பாட்டு வேளையில் கேளுங்கள், பிள்ளைகள் திருப்பிக் கேட்டால் நழுவாதீர்கள்.

அப்புறம், திருவிருந்து உண்டு. பாட்டுப் புத்தகம் கொண்டுவாருங்கள். பாடகர் குழு மட்டும் பாட, நாம் சும்மா கேட்டுக்கொண்டிருப்பது லூத்தரன் வழக்கமே இல்லை.