பாக் விரிகுடா, மன்னார் வளைகுடாவில் இந்திய – இலங்கைக் கூட்டுக் கடல் ஆய்வு வேண்டி மனு

அனுப்புநர்
பாக் விரிகுடா, மன்னார் வளைகுடாக் கரையோர நாட்டுப்படகு மீனவர்கள், கடல் உயிரியல் ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்கள்,
இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்கள்.

பெறுநர்
உயர்திரு அரசுச் செயலாளர் அவர்கள்,
சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறை,
தலைமைச் செயலகம்,
சென்னை – 600 009.

பொருள்: கடற்புல், கடற்பசு, பவளப்பாறை, கடல் மாசு ஆகியவற்றை இரு நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து அளக்க நிரந்தர ஏற்பாடு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம்.

பாக் விரிகுடாவையும் மன்னார் வளைகுடாவையும் இந்தியாவும் இலங்கையும் ஒரே முறையில், ஒரே காலத்தில் அளந்து, கிடைக்கும் தரவுகளைப் பகிர்ந்துகொள்ள நிரந்தர ஏற்பாடு ஒன்று வேண்டும். அதற்கான திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தயாரித்து ஒன்றிய அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மனுவை எழுதுகிறோம். வெளிநாட்டோடு பேசும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் இருப்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் இந்தக் கடலைப் பற்றி டெல்லியில் எடுத்துச் சொல்ல வேண்டிய விவரமும் அதை அறிந்த ஆட்களும் இங்கேதான் இருக்கிறார்கள். அதனால் முதலில் உங்களிடம் வருகிறோம்.

நம் பக்கத்தில் நடந்திருக்கும் நல்ல வேலைகளை முதலில் சொல்லியாக வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமானது. 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை உங்கள் துறை கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே அதுதான் முதலாவது. வலையில் சிக்கிய கடற்பசுவை அறுத்து விற்ற காலம் ஒன்று இந்தக் கரையில் இருந்தது. இன்று வலையை வெட்டி அதை உயிரோடு கடலில் விடும் மீனவர்களை அரசு பாராட்டிப் பரிசு கொடுக்கிறது. வலை அறுந்தால் அன்றைய பிழைப்பு போச்சு என்று தெரிந்தும் அவர்கள் அதைச் செய்கிறார்கள். இந்த மாற்றம் சும்மா வந்துவிடவில்லை. உங்கள் துறைக் களப்பணியாளர்களின் உழைப்பு அதில் இருக்கிறது.

இவ்வளவு செய்தும் ஓர் இடத்தில் முட்டி நிற்கிறோம். ஆவுளியா என்று எங்கள் மீனவர்கள் அழைக்கும் அந்தக் கடற்பசுவுக்கு எல்லைக்கோடு கிடையாது. ஆழமில்லாத கடலில், கடற்புல் எங்கே தழைத்திருக்கிறதோ அங்கே போய் மேய்கிறது. மேய்ந்த இடத்தில் புல் வேரோடு பிடுங்கப்பட்டு, ஓர் ஆள் கையால் கீறிவிட்டாற்போல நீளமான தடம் மண்ணில் கிடக்கும். முக்குளிப்போர் அந்தத் தடங்களைப் பார்த்துத்தான் விலங்கு வந்துபோனதை உறுதி செய்கிறார்கள். நம் பக்கம் இந்தத் தடங்களையும் புல்வெளிகளையும் வரைபடமாக்கிக் கொண்டிருக்கிறோம். இலங்கையிலும் இதே வேலை நடந்திருக்கிறது. கடற்பசுவுக்கும் கடற்புல்லுக்குமாக எட்டு நாடுகளில் நடந்த ஐ.நா. ஆதரவுத் திட்டத்தில் இலங்கையும் ஒன்று. அந்த எட்டில் இந்தியா இல்லை. ஆக, ஒரே புல்வெளிக்கு இரண்டு அரை வரைபடங்கள் இருக்கின்றன. இரண்டும் வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு முறைகளில் எடுக்கப்பட்டவை. ஒட்டிப் பார்க்க வழியில்லை.

இதனால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். இந்தியக் கடல் முழுவதிலும் கடற்பசுக்கள் சில நூறுதான் மிஞ்சியிருக்கின்றன என்பதே பொதுவான மதிப்பீடு. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில், இந்தப் பக்கம் பார்த்த பத்து விலங்குகளும் அடுத்த மாதம் அந்தப் பக்கம் பார்த்த பத்தும் ஒன்றா வேறா என்று தெரியாமல் போனால், இனம் பெருகுகிறதா தேய்கிறதா என்றே சொல்ல முடியாது. காப்பகத்தில் எண்ணிக்கை குறைந்தால் அது சாவா, இடப்பெயர்ச்சியா? இதற்குப் பதில் இல்லாமல் அடுத்த பத்தாண்டுத் திட்டத்தை எதை வைத்துப் போடுவது?

விலங்கை விடுங்கள், தண்ணீரே நிற்பதில்லை. வாடைக்காற்று வீசும் மாதங்களில் வங்கக் கடல் நீர் பாக் நீரிணை வழியாகத் தெற்கே இறங்குகிறது. தென்மேற்குப் பருவத்தில் ஓட்டம் திரும்பிவிடுகிறது. இது எங்கள் கரையில் சிறுபிள்ளைக்கும் தெரியும். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் பூங்கோரை என்ற நுண்பாசி பெருகி, கடல் பச்சையாக மாறி, பாறை மீன்கள் செத்து ஒதுங்கின. அந்தப் பாசி திரளும்போது நீரில் உயிர்வளி குறைந்து மீன்கள் மூச்சுமுட்டிப் போகின்றன. எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள இரு கரையிலும் ஒரே வாரத்தில் நீர் மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு கரையில் மட்டும் எடுத்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

கப்பல் விபத்துகள் இதை இன்னும் பளிச்சென்று காட்டிவிட்டன. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் தீப்பிடித்து, ஜூன் தொடக்கத்தில் மூழ்கியது. ஏறத்தாழ 1,680 டன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டின. நான்கு ஆண்டு கழித்து, 2025 மே 25 அன்று கேரளக் கரைக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 மூழ்கியது. அதிலிருந்து வந்த மணிகள் ஜூன் மாதத்தில் கன்னியாகுமரியைத் தாண்டி தனுஷ்கோடி வரை வந்தன. இலங்கையின் வடபகுதிக் கரையிலும் ஒதுங்கின. பயறு அளவுதான் இருக்கும், வெள்ளையாக. கையால் பொறுக்கி மாளாது. மேல்மணலைச் சல்லடையில் அரித்து, மிஞ்சுவதை வாளித் தண்ணீரில் கொட்டிக் கலக்கினால் மணிகள் மேலே மிதக்கும், மணலும் சிப்பியும் அடியில் தங்கும்; மிதப்பதை வடித்தெடுக்க வேண்டும். ஒரு சதுர மீட்டரைச் சுத்தம் செய்வதற்குள் அடுத்த அலை இன்னும் ஒரு பிடியைக் கொண்டுவந்து போடும். இந்த வேலையை இரு கரையிலும் ஆட்கள் தனித்தனியாகச் செய்தார்கள். எந்த நாளில், எந்த இடத்தில், எவ்வளவு என்ற கணக்கை இரு பக்கமும் ஒரே படிவத்தில் எழுதி அன்றன்றே பரிமாறியிருந்தால், அடுத்து எந்தக் கரைக்குப் போகும் என்பதை முன்கூட்டியே கணித்திருக்கலாம். அதற்கான நீரோட்டக் கணிப்புத் திறன் ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையத்திடம் இருக்கிறது. அதைச் சரிபார்க்கக் கரையிலிருந்து வரும் எண்கள்தான் வேண்டும், அதுவும் இரு கரையிலிருந்தும்.

பவளப்பாறைக்கும் இது பொருந்தும். கடல்நீர் சூடேறியபோதெல்லாம், 1998, 2010, 2016 என்று, மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்தன. வெளுத்த பாறை தேறுமா என்பதில் பிற பாறைகளிலிருந்து மிதந்து வரும் பவளக் குஞ்சுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அவை எங்கிருந்து வருகின்றன என்பதை ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? கப்பாபைகஸ் பாசியும் அப்படித்தான். இங்கே வளர்ப்புக்குக் கொண்டுவரப்பட்டு, பிறகு குருசடைத் தீவில் பவளங்களின் மேல் படர்ந்தது. இன்று இலங்கையின் வட கரையிலும் அதை வளர்க்கிறார்கள். நாம் கண்ட அனுபவம் அவர்களுக்கு ஆய்வுத் தரவாகப் போய்ச் சேர்வது நமக்கும் நல்லது.

ஆட்களுக்கும் நிறுவனங்களுக்கும் பஞ்சமில்லை. 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் தொடக்கக் காலத்தில் பல ஆண்டுகள் மண்டபத்தில்தான் இருந்தது. அதன் மையம் இன்றும் அங்கே இயங்குகிறது. தூத்துக்குடியில் பவளப்பாறை ஆய்வு நடக்கிறது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அந்தப் பக்கம் கொழும்பில் நாரா என்ற தேசிய நீர்வள ஆராய்ச்சி நிறுவனமும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் உள்ளன. சென்னையிலேயே வங்காள விரிகுடாத் திட்டம் என்ற அரசுகளுக்கிடையேயான அமைப்பின் தலைமையகம் இருக்கிறது. இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு நான்கும் அதில் உறுப்பினர்கள். நாகப்பட்டினம் – காங்கேசன்துறை பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்து ஆய்வாளர் வந்துபோவதும் முன்பைவிட எளிது. மீனவர்களிடம் கேட்கும் கேள்வித்தாளை மொழிபெயர்க்கக்கூடத் தேவையில்லை. இரு கரையிலும் தமிழ்தான். எல்லை தாண்டிய ஆய்வு நடக்கும் இடங்களில் இப்படி வாய்ப்பது அரிது.

இடர் எங்கே என்றால், அனுமதியில். வெளிநாட்டு ஆய்வாளர் நம் கடலில் ஒரு புட்டி நீர் எடுக்க வேண்டுமென்றாலும் ஒன்றிய அரசின் பல துறைகளைக் கடந்து வர வேண்டும். பாதுகாப்பு கருதிய அந்த விதிகள் தேவைதான், அவற்றைத் தளர்த்தச் சொல்லவில்லை. எங்கள் யோசனை வேறு: கடலில் அளவெடுக்க யாரும் எல்லையைத் தாண்ட வேண்டாம். நம் ஆய்வாளர் நம் கடலில், அவர்கள் ஆய்வாளர் அவர்கள் கடலில் வேலை செய்யட்டும். நாளும் முறையும் படிவமும் மட்டும் ஒன்றாக இருக்கட்டும்.

இது நடக்கக்கூடியதுதான் என்பதற்குச் சான்று உண்டு. டென்மார்க், ஜெர்மனி, நெதர்லாந்து மூன்றும் பகிரும் வாடன் கடலில் 1978 முதல் கூட்டுப் பணி நடக்கிறது. 1988-இல் ஒரு வைரஸ் நோய் தாக்கி அங்கிருந்த கடல்நாய்களில் பாதிக்கு மேல் செத்தன. அதன் பிறகு அவற்றுக்கென்றே மூன்று நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டு, நாள் குறித்து, நீர் வற்றும் நேரத்தில், அவரவர் பகுதியில் விமானத்தில் பறந்து எண்ணுகின்றன. எண்ணிக்கையைச் சேர்த்து ஒரே அறிக்கையாக வெளியிடுகின்றன. 2002-இல் அதே நோய் மறுபடி வந்தபோது, எவ்வளவு இழந்தோம், எவ்வளவு மீண்டது என்பதை அவர்களால் சொல்ல முடிந்தது. இன்னொன்று பால்டிக் கடல். 1974-இல், பனிப்போர் நடந்துகொண்டிருந்தபோதே, சோவியத் ஒன்றியமும் மேற்கு ஜெர்மனியும் உட்பட ஏழு கரையோர நாடுகள் ஹெல்சிங்கியில் அந்தக் கடலைக் காக்கக் கையெழுத்திட்டன. ஒருவர் மேல் ஒருவர் ஏவுகணைகளைக் குறிவைத்திருந்தவர்களுக்கே அது முடிந்திருக்கிறது.

நமக்குச் சட்ட அடிப்படையும் இருக்கிறது. ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 123-ஆவது பிரிவு, நிலம் சூழ்ந்த கடல்களைப் பகிரும் நாடுகள் ஆய்வுக் கொள்கைகளை ஒருங்கிணைத்து, பொருத்தமான இடங்களில் கூட்டாக ஆய்வு நடத்த முயல வேண்டும் என்கிறது. இலங்கை 1994-இலும் இந்தியா 1995-இலும் அந்த உடன்படிக்கையை ஏற்றன.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். மீன்பிடி உரிமை, கைதுகள், படகுப் பறிமுதல், கச்சத்தீவு ஆகியவை இந்த மனுவில் இல்லை. அவற்றில் எங்களுக்குள்ளேயே ஆழ்ந்த வேதனையும் வெவ்வேறு கருத்துகளும் உண்டு. அவை தீரும் வரை ஆய்வு காத்திருக்கக் கூடாது என்பதற்காகவே தனியாக வருகிறோம். மீனவர் பிரச்சினைக்காக 2016-இல் இரு நாடுகளும் அமைத்த கூட்டுப் பணிக்குழு கூடும்போதெல்லாம் பேச்சு கைதுகளிலேயே தீர்ந்துவிடுகிறது, அது இயல்புதான். அறிவியலுக்கு வேறு மேசை வேண்டும்.

எனவே கீழ்க்கண்டவற்றைச் செய்துதருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவதும் முக்கியமானதும்: பாக் விரிகுடாவில் கடற்புல், கடற்பசு கணக்கெடுப்பை இரு நாடுகளும் ஒரே நாட்களில், ஒரே முறையில் நடத்தத் திட்ட வரைவு ஒன்றை உங்கள் துறை தயாரித்து, ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கும் வெளியுறவு அமைச்சகத்துக்கும் அனுப்ப வேண்டும். கடல் தெளிந்திருக்கும் மாதங்களில், வாடையும், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சானும் ஓய்ந்த இடைவெளியில் வைத்தால் நல்லது. எந்த வாரம் என்பதை இரு கரை மீனவர்களையும் கேட்டு முடிவு செய்யுங்கள். நீரின் தெளிவு அவர்களுக்குத்தான் தெரியும். வேறு எதுவும் இப்போதைக்கு முடியாவிட்டாலும் இது ஒன்றையாவது தொடங்கிவிட வேண்டும்.

அடுத்து, தஞ்சாவூர் மாவட்டம் மனோராவில் பன்னாட்டுக் கடற்பசுப் பாதுகாப்பு மையம் அமைக்க அரசு அறிவித்திருக்கிறது. பன்னாட்டு மையம் என்பதால், இலங்கை ஆய்வாளர்களுக்கு அதன் அறிவியல் ஆலோசனைக் குழுவில் இடமும், யாழ்ப்பாண மாணவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி இடங்களும் தொடக்கத்திலேயே ஒதுக்க வேண்டும். கட்டடம் எழும்பிய பிறகு விதிகளை மாற்றுவது கடினம்.

கப்பல் விபத்து, எண்ணெய்க் கசிவு, பாசிப் பெருக்கம், மீன் சாவு போன்றவற்றைக் கரையிலிருந்து பதிவு செய்ய எளிய தமிழ்ப் படிவம் ஒன்றை வெளியிட்டு, அதை இலங்கைத் தரப்புக்கும் வழங்க வேண்டும். கடலோரப் பஞ்சாயத்து, மீனவர் சங்கம், பள்ளிச் சூழல் மன்றம் எதுவும் அதை நிரப்பி அனுப்பும்படி இருக்கட்டும். மற்றபடி நீர் மாதிரி, பவள வெளுப்பு ஆகியவற்றுக்கான பொது அளவீட்டு முறைகளை இரு நாட்டு நிறுவனங்களும் இணையவழியில் கூடிப் பேசி முடிவு செய்யலாம். அந்தக் கூட்டத்தைச் சென்னையில் இருக்கும் வங்காள விரிகுடாத் திட்ட அமைப்பு கூட்டினால் யாருக்கும் சங்கடம் இருக்காது.

இந்த வேலைகளுக்குப் படகும் ஆளும் தர எங்களில் பலர் ஆயத்தமாக இருக்கிறோம். கணக்கெடுப்புக்கு நாட்டுப்படகுகளை அமர்த்தினால், வழக்கமான நாள் வாடகை மட்டும் கொடுத்தால் போதும்.

மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறும், திட்ட வரைவு தயாராகும்போது கரையோரப் பிரதிநிதிகளை ஒருமுறை நேரில் அழைத்துக் கேட்குமாறும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

இடம்: இராமநாதபுரம்

நகல்:
1. செயலாளர், புவி அறிவியல் அமைச்சகம், புது டெல்லி.
2. மாவட்ட ஆட்சியர்கள், இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர்.